ஃபேன் காற்றை உள்ளே தள்ளட்டுமா, வெளியே இழுக்கட்டுமா?

சென்னை ரிச்சி தெரு எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் 120 மி.மீ. ஃபேன் வாங்கி வந்து கம்ப்யூட்டர் கேபினெட்டிலோ ஆம்ப்ளிஃபயரிலோ மாட்டுகிறவர்களில் பலர், ‘சூடு வெளியே போகணும்’ என்று காற்றை வெளியே இழுக்கும்படிதான் மாட்டுகிறார்கள். எந்தப் பக்கம் மாட்டினாலும் சூடு வெளியேதான் போகும். 100 வாட் சூட்டை 10 டிகிரி உயர்வுக்குள் அடக்க, இரண்டு முறையிலும் மணிக்கு சுமார் 31 கன மீட்டர் காற்று தேவை. காற்று எந்த வழியாக உள்ளே வருகிறது என்பதில்தான் வித்தியாசம்.

வெளியே இழுத்தால் பெட்டிக்குள் அழுத்தம் கொஞ்சம் குறையும். உடனே யுஎஸ்பி துளை, ஒயர் நுழையும் ஓட்டை, மூடியின் இடுக்கு என்று கிடைத்த சந்தில் எல்லாம் காற்று புகும். மெட்ரோ வேலை நடக்கும் ரோட்டோரம் சில மாதம் ஓடிய கேபினெட்டைத் திறந்து பாருங்கள்: யுஎஸ்பி துளைகளைச் சுற்றிச் சாம்பல் நிறப் படலம், ஹீட்சிங்க் (பாகங்களின் சூட்டை இழுத்துக் காற்றில் விடும் உலோகத் துண்டு) தகடுகளுக்கு நடுவே கம்பளி போல அடைத்த தூசி.

உள்ளே தள்ளினால் காற்று வர ஒரே வாசல். அதில் ஃபில்டர் போட்டுவிடலாம். உள் அழுத்தம் கூடுவதால் இடுக்குகளில் காற்று வெளியேதான் கசியும். ஃபேனும் அறைக் காற்றிலேயே சுற்றுவதால் பேரிங் கிரீஸ் சீக்கிரம் வறளாது. மே மாதச் சென்னையில் இது பெரிய விஷயம். அறையே 36 டிகிரி என்றால், வெளியே இழுக்கும் ஃபேன் 46 டிகிரிக் காற்றில் சுற்ற வேண்டியிருக்கும். ஃபேனின் சொந்தச் சூடு உள்ளே சேரும் என்பார்கள். சின்ன டிசி ஃபேனுக்கு அது இரண்டு மூன்று வாட்தான், விடுங்கள். 230 வோல்ட் ஏசி ஃபேன் 20 வாட் வரை இழுக்கும், அதைக் கணக்கில் சேர்க்க வேண்டும்.

அதனால் என் ஓட்டு உள்ளே தள்ளுவதற்கே. ஆனால் ஃபில்டரை ஒழுங்காகக் கழுவ வேண்டும். அடைத்த ஃபில்டர் காற்றையே நிறுத்திவிடும், அதற்கு ஃபில்டர் இல்லாமலே இருக்கலாம்.

வெளியே இழுப்பதற்கும் இடம் உண்டு. சூடாகும் பாகங்கள் பெட்டி முழுக்கப் பரவியிருந்தால், இழுக்கும் காற்று எல்லாவற்றையும் ஓரளவு சமமாகத் தொடும். தள்ளும் காற்று ஒரு பக்கமாகவே பாய்ந்து மூலைகளை விட்டுவிடும். டிவி அலமாரிக்குள் அடைபட்ட செட்டாப் பாக்ஸ், மோடத்துக்கும் மேலே ஒரு ஃபேன் வைத்து இழுப்பதே சரி.

சிறுசேரி, அம்பத்தூர் டேட்டா சென்டர்களில் சர்வர்களை அடுக்கும் ரேக்குகளில் இந்தத் தேர்வே கிடையாது. முன்னால் குளிர், பின்னால் சூடு. ஆனால் ரேக்கில் மாட்டும் நெட்வொர்க் ஸ்விட்சுகள் காற்று இரண்டு திசையில் எதிலும் ஓடும்படி கிடைப்பதால் ஆர்டர் போடும்போதே பார்க்க வேண்டும். மாறி வந்தால் அது பின்புறச் சூட்டையே உறிஞ்சும்.

பெசன்ட் நகர், காசிமேடு பக்கம் உப்புக் காற்றுக்கு எந்தத் திசையும் உதவாது. அங்கே வெளியில் வைக்கும் பெட்டியைச் சீல் செய்வதுதான் வழி.

மாட்டும் முன் ஃபேன் சட்டத்தில் அம்புக்குறி இருக்கிறதா பாருங்கள். இல்லாவிட்டால், ஸ்டிக்கரும் குறுக்குக் கம்பிகளும் இருக்கும் பக்கமாகத்தான் பெரும்பாலும் காற்று வெளியேறும். ஓடவிட்டு ஊதுபத்திப் புகை காட்டினால் சந்தேகம் தீர்ந்துவிடும்.