அனெல்காவின் வழியா, டி நத்தாலேயின் வழியா?

கால்பந்தில் ஸ்ட்ரைக்கராக, அதாவது கோல் அடிக்கும் முன்வரிசை வீரராக, வளரும் பையன்கள் பலருக்கு இந்தக் குழப்பம் உண்டு: கிளப் கிளப்பாகப் போவதா, ஒரே இடத்தில் நிலைப்பதா?

கோப்பை: கிளப் கிளப்பாகப் போன பிரெஞ்சு வீரர் நிக்கோலா அனெல்காவுக்கு ஸ்பெயினின் ரியல் மாட்ரிட்டில் ஐரோப்பிய கிளப்களின் சாம்பியன்ஸ் லீக் கோப்பை, இங்கிலாந்தின் ஆர்சனலிலும் செல்சியிலும் லீக் பட்டம். இத்தாலியில் ஊடினே நகரின் கிளப்பான ஊடினேசேயில் 12 சீசன் ஆடிய அந்தோனியோ டி நத்தாலேவுக்குப் பெரிய கோப்பை ஒன்றுகூட இல்லை.

கோல்: இங்கே டி நத்தாலேதான். 2009-10இல் 29 கோல், அடுத்த சீசனில் 28. இரண்டு முறையும் இத்தாலியின் முதல்நிலை லீகான சீரி ஆவில் கோல் பட்டியலில் முதலிடம், அதுவும் முப்பது வயதைத் தாண்டிய பிறகு. அவருக்குப் பந்து எங்கே வேண்டும் என்று சக வீரர்களுக்கு மனப்பாடம். அனெல்கா ஒவ்வொரு ஊரிலும் அதை முதலிலிருந்து கற்றுக்கொடுக்க வேண்டியிருந்தது. 2008-09இல் செல்சிக்காக 19 கோல் அடித்து இங்கிலாந்தின் பிரீமியர் லீக் கோல் பட்டியலில் முதலிடம் பிடித்தபோது அவருக்கு வயது 30.

மனசு: மாட்ரிட்டில் அனெல்கா பயிற்சிக்கு வர மறுத்துத் தடை வாங்கினார். அப்புறம் 2000 சாம்பியன்ஸ் லீக் அரையிறுதியில் ஜெர்மனியின் பயர்ன் மியூனிக் கிளப்புக்கு எதிராக இரண்டு ஆட்டத்திலும் கோல். மியூனிக்கில் தலையால் முட்டிய அந்தக் கோல்தான் மாட்ரிட்டைக் காப்பாற்றியது. அந்தக் கோடையிலேயே தன் பழைய பாரிஸ் கிளப்புக்குத் திரும்பிவிட்டார். டி நத்தாலே 2010இல் இத்தாலியின் பெரிய கிளப்பான யுவென்டஸே அழைத்தும் போகவில்லை.

பணமும் பட்டமும் வேண்டும், புது ஊரில் தனிமையைத் தாங்க முடியும் என்றால் அனெல்காவின் வழி சரி. நம்பிக்கை கிடைத்தால்தான் கால் ஓடும் என்பவருக்கு ஊடினேதான் பொருந்தும். என் ஓட்டு டி நத்தாலேவுக்கு.