ஆயில் பிரஷர் முள் ஆடுகிறதே என்று நம்பிவிடாதீர்கள்

காரில் இருக்கும் மீட்டர்கள் போதவில்லை, கையடக்கமான ஒரு சின்னக் கணினியை டேஷ்போர்டில் மாட்டி கூலண்ட் சூடு, ஆயில் பிரஷர், டர்போ பூஸ்ட் (டர்போ இன்ஜினுக்குள் கூடுதலாகத் தள்ளும் காற்றின் அழுத்தம்) எல்லாவற்றையும் ஒரே திரையில் பார்க்கலாம் என்று ஆசைப்பட்டு ஒரு செட் வாங்கினேன். கணினி, மென்பொருள், ஸ்டீயரிங்குக்குக் கீழே, வண்டியின் சென்சார் தகவல்களைப் படிப்பதற்காக உள்ள 16 பின் ஓபிடி சாக்கெட்டில் செருகும் ப்ளூடூத் அடாப்டர், எல்லாம் சேர்த்து. "செருகினால் போதும், எல்லா முள்ளும் ஓடும்" என்றார் விற்றவர். ஓடத்தான் ஓடின, வினையே அதில்தான்.

முதலில் சந்தேகம் தட்டியது ஆயில் பிரஷரில். காலையில் குளிர்ந்த இன்ஜினில் என்ன காட்டியதோ, ஒரு மணி நேரம் ஓட்டிவிட்டு வந்து அதே ஆர்பிஎம்மில் வைத்துப் பார்த்தாலும் இம்மி மாறாமல் அதே அளவு. குளிர்ந்த ஆயில் கெட்டியாக இருக்கும், பிரஷர் கூட வேண்டும், சூடானதும் இறங்க வேண்டும். மெக்கானிக்கிடம் காட்டினேன், சிரித்துவிட்டார். "இந்த வண்டில பிரஷர் அளக்கிற சென்சாரே கிடையாது சார், விளக்கு எரிய வைக்கிற சுவிட்ச் மட்டும்தான்." அப்புறம் உட்கார்ந்து பார்த்ததில், ஆர்பிஎம் ஏறினால் அதுவும் ஏறுகிறது, இறங்கினால் இறங்குகிறது, அவ்வளவுதான். ஓபிடி2 முறையில் எல்லா வண்டிக்கும் பொதுவாக வைத்திருக்கும் அளவுகளின் பட்டியலில் ஆர்பிஎம், வேகம், கூலண்ட் சூடு, இன்டேக் (இன்ஜினுக்குள் போகும்) காற்றழுத்தம் எல்லாம் உண்டு, ஆயில் பிரஷருக்கு இடமே இல்லை. இல்லாத ஒன்றுக்கு முள் வரைந்து விற்றிருக்கிறார்கள்!

பூஸ்ட் கதை இன்னும் வேடிக்கை. இன்டேக் அழுத்தத்திலிருந்து வெளிக்காற்றின் அழுத்தத்தைக் கழித்தால்தான் பூஸ்ட். இதில் கழிக்கவே இல்லை, அதனால் இன்ஜினை அணைத்து சாவியை மட்டும் திருப்பினால், நிற்கிற வண்டி 1 பார் பூஸ்ட் காட்டுகிறது.

இதெல்லாம் சிரித்துவிட்டுப் போகலாம். ஒரு நாள் மேட்டில் ஏறிக்கொண்டிருந்தபோது வண்டியின் சூட்டை எச்சரிக்கும் சிவப்பு விளக்கு எரிந்தது, சின்னத் திரையோ கூலண்ட் 91 டிகிரி என்று சாதுவாகச் சொல்லிக்கொண்டிருந்தது. திரையை நம்பி இன்னும் கொஞ்ச தூரம் போயிருந்தால் சூட்டில் இன்ஜினின் ஹெட் கேஸ்கட் (மேல்பாகத்தை அடைக்கும் தகடு) போயிருக்கும், நல்ல வேளை ஓரங்கட்டினேன். ஹோஸில் கசிவு. ப்ளூடூத் தொடர்பு எப்போதோ அறுந்திருக்கிறது, மென்பொருள் கடைசியாக வந்த எண்ணையே பிடித்துவைத்துக் காட்டியிருக்கிறது. ஒரு கோடு போடவில்லை, ஒரு சத்தம் கொடுக்கவில்லை.

அடாப்டரும் போலிதான். உள்ளே இருப்பது ஓபிடி தகவலைப் படித்துக் கொடுக்கும் எல்ம்327 சிப், பதிப்பு 1.5 என்று அதுவே சொல்கிறது. அந்த சிப்பை உருவாக்கிய கனடாவின் எல்ம் எலக்ட்ரானிக்ஸ் 1.5 என்று ஒன்றை வெளியிட்டதே இல்லை. போதாக்குறைக்கு, சாக்கெட்டின் 16ஆவது பின்னில் சாவியை எடுத்த பிறகும் கரண்ட் இருக்கும். சில நாள் வண்டியை எடுக்காமல் அடாப்டரைச் செருகியபடியே விட்டதில் பேட்டரி படுத்துவிட்டது.

விற்றவரிடம் கேட்டபோது முதலில் வண்டியில் கோளாறு என்றார், அப்புறம் பிரித்த பொருளைத் திரும்ப எடுக்க மாட்டோம் என்றார், அதற்கப்புறம் பதிலே இல்லை.

இந்த மாதிரி செட் வாங்குவதாக இருந்தால், காசு கொடுக்கும் முன் வண்டியை நிறுத்தி, இன்ஜின் ஓடும்போதே அடாப்டரைப் பிடுங்கிப் பாருங்கள். முட்கள் உடனே விழ வேண்டும், இல்லையென்றால் தொடர்பு இல்லை என்று திரை சொல்ல வேண்டும். பழைய எண்ணோடு அப்படியே நின்றால் வைத்துவிட்டு வந்துவிடுங்கள். ஆயில் பிரஷர் காட்டுகிறது என்றால் எந்த சென்சாரிலிருந்து வருகிறது என்று கேளுங்கள். நான் இப்போது ஆயில் பிரஷருக்குத் தனி சென்சாரும் தனி மீட்டரும் போட்டுவிட்டேன், காலையில் ஒரு அளவு, மாலையில் ஒரு அளவு காட்டுகிறது.