நெய்யா, விளக்கெண்ணெயா, வாசலினா: உதட்டில் எது நிற்கும்?

மார்கழி பிறந்துவிட்டால் ஓசூரில் எனக்கு இரண்டு வேலை கூடிவிடும். என் பழைய வண்டியைக் கிளப்பப் பத்து உதை உதைப்பது ஒன்று. கண்ணாடி முன் நின்று, உதட்டில் உரிந்து நிற்கும் தோலைப் பல்லால் கடித்து இழுக்கலாமா கூடாதா என்று யோசிப்பது இன்னொன்று. யோசித்து முடிப்பதற்குள் பல் தன் வேலையை முடித்துவிடும். அப்புறம் ரத்தம். அப்புறம் இட்லிக்குத் தொட்ட மிளகாய்ப்பொடி அந்தக் கீறலில் பட்டுக் கண்ணில் தண்ணீர்.

இந்த வெடிப்புக்கு எங்கள் வீட்டில் ஆளுக்கொரு மருந்து. அம்மாவுக்கு நெய். பாட்டிக்கு விளக்கெண்ணெய். மனைவியின் கைப்பையில் லிப் பாம். எனக்கு வாசலின் டப்பா. ஒருத்தர் மருந்தை இன்னொருத்தர் மதிப்பதில்லை. சரி, சண்டையைத் தீர்த்துவிடலாம் என்று போன பனிக்காலத்தில் ஆறு வாரம் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தேன். சோதனைக் கருவி ஒரு எவர்சில்வர் டம்ளர். உதட்டில் தடவிக்கொண்டு வாய் வைத்துக் காபி குடிப்பது. குடித்து முடித்ததும் டம்ளர் விளிம்பில் எவ்வளவு பிசுக்கு போயிருக்கிறது, உதட்டில் எவ்வளவு மிச்சம் என்று பார்ப்பது. தூக்கிக் குடிக்கிற வீட்டில் எச்சில் பண்ணிக் குடித்ததற்காக அம்மாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டது தனிக்கதை.

உதட்டுத் தோல் மற்ற இடத்துத் தோல் மாதிரி இல்லை. மேல்படலம் மிக மெல்லிசு. உள்ளே ஓடும் ரத்தத்தின் சிவப்பு அதனால்தான் வெளியே தெரிகிறது. வியர்வைச் சுரப்பி கிடையாது. நெற்றியிலும் மூக்கிலும் எண்ணெய் வடியச் செய்யும் சுரப்பிகளும் இங்கே பெரும்பாலும் இல்லை. நெற்றி தனக்குத் தானே எண்ணெய் தேய்த்துக்கொள்ளும், உதட்டுக்கு யாராவது தேய்த்துவிட வேண்டும். காய்ந்த காற்று பட்டு ஈரம் போனதும் நாக்குதான் முதல் ஆளாக ஓடி வருகிறது. நக்கியதும் ஒரு நிமிடம் சுகம். அந்த எச்சில் ஆவியாகும்போது உதடு முன்னைவிடக் காய்கிறது. போதாக்குறைக்கு, சாப்பாட்டைச் செரிக்க வைக்கும் நொதிகள் எச்சிலில் உண்டு. வெடித்த தோலை அவை சும்மா விடுவதில்லை. உதட்டைச் சுற்றி மீசை வரைந்தது போலச் சிவந்த வளையத்தோடு திரியும் பள்ளிப் பிள்ளைகளைப் பார்த்திருப்பீர்கள். அது நக்கி நக்கி வந்த புண்.

“நாக்கை உள்ள வைடா, பாதி ஆறிடும்” என்பாள் பாட்டி. ஆறு வாரத்தில் நான் கண்டுபிடித்ததும் ஏறக்குறைய இதுதான். நாக்குக்குப் பிடித்த மருந்து உதட்டில் நிற்காது.

நெய்யை எடுத்துக்கொள்ளுங்கள். சூடான சாதத்தில் விட்ட கையோடு ஒரு சொட்டை மோதிர விரலில் எடுத்து உதட்டில் பூசினால், எரிச்சல் உடனே அடங்குகிறது. அதில் குறையே சொல்ல முடியாது. ஆனால் அந்த மணத்துக்கு நாக்கு எத்தனை நேரம் பொறுத்திருக்கும்? நான் மனசைக் கட்டிப்போட்டு உட்கார்ந்தும் ஐந்து நிமிடம் தாண்டவில்லை. காபிக்குப் பிறகு டம்ளர் விளிம்பு பளபளத்தது, உதடு பழையபடி காய்ந்து கிடந்தது. வெண்ணெய், பாலாடை எல்லாம் இதே கதைதான். தேன் இன்னும் மோசம். ஈரத்தைத் தன் பக்கம் இழுக்கும் குணம் தேனுக்கு உண்டு, மறுப்பதற்கில்லை. இழுத்துப் பிடித்து வைக்க அது உதட்டில் இருந்தால்தானே. மருந்துக் கடை கிளிசரினும் இனிக்கும், அதையும் நாக்கு விடாது. அதோடு, தண்ணீர் கலக்காமல் தனியாகப் பூசினால் காய்ந்த காற்றில் எடுக்க ஈரம் இல்லாமல் உதட்டுக்குள் இருக்கும் ஈரத்தையே உறிஞ்சத் தொடங்கும். சர்க்கரையும் தேனும் கலந்து தேய்த்துத் தோலை உரிக்கச் சொல்லும் வீடியோக்கள் பக்கம் நான் போகவே இல்லை. ரத்தம் கசியும் உதட்டில் சர்க்கரையைத் தேய்ப்பவர் தைரியசாலி.

தேங்காய் எண்ணெய் சுமார் 24, 25 டிகிரியில் உறைந்துவிடும். மார்கழியில் எங்கள் வீட்டுப் பாட்டில் கல்லாகக் கிடக்கும். ஸ்பூன் காம்பை விட்டுச் சுரண்ட வேண்டும். அந்தச் சுரண்டலை உதட்டில் வைத்த மாத்திரத்தில் உடம்புச் சூட்டில் உருகி ஓடிவிடுகிறது. கொஞ்சம் தோலில் ஊறும், கொஞ்சம் மோவாயில் இறங்கும். தோல் இளகுகிறது, சொரசொரப்பு குறைகிறது, ஆனால் மேலே மூடி மாதிரி நிற்பது எதுவும் இல்லை. சென்னைக் கடற்காற்றில் இருப்பவருக்கு இதுவே போதும். பனியில் வண்டி ஓட்டுகிறவருக்கு அலுவலகம் போய்ச் சேர்வதற்குள் தீர்ந்துவிடும்.

எண்ணெய்ப் பேச்சு வந்ததால் இதையும் சொல்லிவிடுகிறேன். தொப்புளில் எண்ணெய் வைத்தால் உதடு வெடிக்காது என்று குடும்ப வாட்ஸப் குழுவில் வருஷா வருஷம் ஒரு பதிவு வரும். தொப்புளிலிருந்து உதட்டுக்கு எண்ணெய் போகக் குழாய் எதுவும் கிடையாது. வைத்துக்கொள்வதில் நஷ்டமில்லை, தொப்புள் மிருதுவாக இருக்கும்.

உண்மையான போட்டி விளக்கெண்ணெய்க்கும் வாசலினுக்கும்தான்.

பாட்டியின் விளக்கெண்ணெய் பாட்டில் அலமாரியின் கீழ்த் தட்டில், கழுத்து வழியாக வடிந்து வடிந்து, அடியில் வைத்த சின்னத் தட்டோடு ஒட்டிக்கொண்டு இருக்கும். பாட்டிலைத் தூக்கினால் தட்டும் கூடவே வரும். விரலில் தொட்டு எடுத்தால் நூல் போல இழுபடும். ஆமணக்கு எண்ணெயின் கொழுப்பு அமிலங்களில் பத்தில் ஒன்பது பங்குக்குக் கிட்டத்தட்ட ரிசினோலெயிக் அமிலம். சமையலறையில் இருக்கும் மற்ற எண்ணெய்களைவிட இது இவ்வளவு கெட்டியாக இருப்பதற்குக் காரணம் அதுதான். லிப்ஸ்டிக் தயாரிக்கிறவர்கள் பளபளப்புக்காகவும் நிறம் ஒட்டி நிற்பதற்காகவும் நெடுங்காலமாகச் சேர்ப்பது இதே எண்ணெயைத்தான். அழகு சாதனக் கம்பெனியும் என் பாட்டியும் ஒரே கட்சி என்று தெரிந்தபோது எனக்கு ஆச்சரியம், பாட்டிக்கு இல்லை.

ருசியும் வாடையும் சகிக்காது. அதுதான் அதன் பலம். முதல் தடவை நாக்கு வந்தது, தொட்டது, போனது. அந்த வாரம் முழுக்கத் திரும்பி வரவில்லை. டம்ளர் சோதனையில் காபி பாழ், ஆனால் உதட்டில் முக்கால்வாசி மிச்சம். வண்டியில் போய் வந்தபிறகும் லேசான வழவழப்பு இருந்தது. குறை என்றால் தலையணை உறை. இரவு பூசிப் படுத்தால் காலையில் அதில் ஒரு வட்டம், அது சோப்புக்கு அசையாது. லிப்ஸ்டிக் போட்டாலே உதடு அரித்துத் தடிக்கும் சிலருக்கு அந்த ரிசினோலெயிக் அமிலமே ஒவ்வாமல் இருக்கலாம், அவர்கள் இந்தப் பக்கம் வர வேண்டாம்.

வாசலினின் பூர்வீகம் எண்ணெய்க் கிணறு. 1859இல் ராபர்ட் செஸ்பரோ என்ற இளம் வேதியியலாளர் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் டைட்டஸ்வில் என்ற ஊருக்குப் போனார். அங்கே எண்ணெய் இறைக்கும் கம்பிகளில் மெழுகு மாதிரி ஒன்று படிந்து தொல்லை கொடுத்தது. வேலையாட்கள் அதை வழித்து எறிந்தாலும், கையில் வெட்டோ சூடோ பட்டால் அதையே எடுத்துப் பூசிக்கொண்டார்கள். செஸ்பரோ அதைச் சுத்திகரித்து 1872இல் காப்புரிமை வாங்கினார். அந்தப் பெட்ரோலியம் ஜெல்லிதான் வாசலின். பெட்ரோலியம் என்ற பெயரைக் கேட்டு மிரளும் அம்மாவுக்கு இந்தக் கதையைச் சொன்னேன். மிரட்சி கூடியதுதான் மிச்சம். நன்றாகச் சுத்திகரித்த ஜெல்லி வேறு, கச்சா எண்ணெய் வேறு. டப்பாவில் ‘ஐ.பி.’ என்று போட்டிருந்தால் மருந்துகளுக்கான இந்தியத் தர நூலின்படி செய்தது என்று அர்த்தம்.

வாசலினைப் பற்றி நான் பல வருஷம் தப்பாகவே நினைத்திருந்தேன். அது உதட்டுக்கு ஈரம் கொடுக்கும் என்று நம்பியிருந்தேன். கொடுக்காது, துளிகூட. அது வெறும் மூடி. பானையில் தண்ணீர் இருந்தால் மூடி அதை ஆவியாகாமல் காக்கும். காலிப் பானையை மூடி என்ன பயன்? காய்ந்து முறுகிய உதட்டின் மேல் நாளெல்லாம் வாசலின் தேய்த்துவிட்டு ஒன்றும் நடக்கவில்லையே என்று அலுத்துக்கொண்டவன் நான். இந்த முறை படுக்கப் போகும்முன் நனைத்த துணியை உதட்டில் இரண்டு நிமிடம் வைத்து, துடைக்காமல் ஒற்றி எடுத்து, அந்த ஈரம் இருக்கும்போதே கெட்டியாகப் பூசினேன். மூன்றாவது நாள் காலை, தொங்கிக்கொண்டிருந்த தோல் ஈரத் துணியோடு தானாகவே வந்துவிட்டது. ரத்தம் இல்லை. அன்றைக்கு மிளகாய்ப்பொடி மிளகாய்ப்பொடியாக மட்டும் இருந்தது.

வாசலினுக்கு ருசியே கிடையாது. நாக்கு அதைக் கண்டுகொள்வதில்லை. இரவில் இதற்கு ஈடு இல்லை என்பது என் தீர்ப்பு. பகலில் அவ்வளவு சொல்ல மாட்டேன். ஓசூர் சிப்காட் சாலையில் போய் வந்தால் உதட்டில் புழுதி அப்பி, பூசிய சுவராட்டம் இருக்கும். இன்னொன்று, டப்பாவில் எல்லாருடைய விரலும் போகிறது. வாயோரம் புண் இருக்கிறவர் தனி ட்யூப் வைத்துக்கொள்வது நல்லது. வீட்டில் வாசலின் வேண்டாம் என்றால் விளக்கெண்ணெயையே இரவில் பூசலாம், தலையணைக்குப் பழைய துண்டு ஒன்றைப் போட்டுக்கொள்ளுங்கள்.

கடை லிப் பாமில் இரண்டு ஜாதி. ஒன்று, போட்டதும் சுருக்கென்று குளிரும். நான் வாங்கியது அந்த ரகம், பெயர் வேண்டாம். சில்லென்று இருந்ததும் வேலை செய்கிறது என்றே நினைத்தேன். அரை மணியில் உதடு இழுத்தது, மறுபடி பூசினேன். சாயங்காலத்துக்குள் எட்டுத் தடவை. அட்டையைத் திருப்பிப் படித்தால் மெந்தால், கற்பூரம். அமெரிக்கத் தோல் மருத்துவர்கள் அமைப்பான அமெரிக்கன் அகாடமி ஆஃப் டெர்மடாலஜி, வெடித்த உதட்டுக்கு ஆகாதவை என்று சொல்லும் பட்டியலில் இவை இரண்டும் இருக்கின்றன. யூகலிப்டஸ், புதினா, இலவங்கப்பட்டை வாசனை, பினால், சாலிசிலிக் அமிலம் ஆகியவையும் கூடவே. எரிச்சல் குணமாவதன் அடையாளம் கிடையாது. இரண்டாவது ஜாதி ஸ்ட்ராபெரி, செர்ரி வாசனைக்காரர்கள். என் மகள் அதைப் பூசுவதில்லை, சாப்பிடுகிறாள்.

வாசனையில்லாத, தேன்மெழுகு சேர்த்த பாம்தான் வாங்கத் தக்கது. வீட்டிலேயே செய்யலாம்: தேன்மெழுகு ஒரு பங்கு, தேங்காய் எண்ணெய் மூன்று அல்லது நான்கு பங்கு, கொதிக்கும் தண்ணீர்ப் பாத்திரத்துக்குள் கிண்ணத்தை வைத்து உருக்கி, சின்ன டப்பாவில் ஊற்றி ஆறவிட வேண்டும். தேன்மெழுகு உருக 60 டிகிரிக்கு மேல் சூடு வேண்டும். ஆகவே உதட்டில் அது உருகி ஓடாது, எண்ணெயையும் ஓடவிடாது. ரெண்டாம் வாரம் நான் கழித்துக் கட்டிய தேங்காய் எண்ணெய், மெழுகோடு சேர்ந்து ஆறாம் வாரம் திரும்பி வந்து பகல் நேரத்துக்கு முதலிடம் வாங்கியது. புழுதியும் வாசலின் அளவு ஒட்டவில்லை. முதல் தடவை மெழுகு கூடிப்போய், குச்சியால் உதட்டைத் தேய்ப்பது போல வலித்தது. இரண்டாம் தடவை எண்ணெயைக் கூட்டினேன். ஆட்டு ரோமத்திலிருந்து எடுக்கும் லனோலினும் நல்ல பொருள்தான், பால் கொடுக்கும் தாய்மார் மார்க்காம்பு வெடிப்புக்குப் போடும் களிம்பு அது. சிலருக்கு மட்டும் ஒவ்வாது, எனவே முதலில் துளியளவு.

இவை எதுவும் வெயிலைத் தடுக்காது. வெயிலைத் தாங்க உதவும் நிறமியான மெலனின் உதட்டில் குறைவு; கீழுதடு வானத்தைப் பார்த்து நீட்டிக்கொண்டிருக்கிறது. வயலிலும் கடலிலும் வண்டியிலும் பகலெல்லாம் இருப்பவர்களுக்கு எஸ்.பி.எஃப். (வெயில் தடுப்பு அளவு) 30க்குக் குறையாத பாம் வேண்டும், இரண்டு மணிக்கொரு தடவை. இந்த ஒன்றில் பாட்டி வைத்தியம் தோற்கிறது. கீழுதட்டில் சொரசொரப்பான வெள்ளைத் திட்டோ ஆறாத புண்ணோ இருந்து, இரண்டு மூன்று வாரப் பராமரிப்புக்கும் மசியவில்லை என்றால் தோல் மருத்துவரிடம் காட்ட வேண்டும். வெயில் பல வருஷம் தின்ற உதட்டில் புற்றுநோய்க்கு முந்தைய மாற்றமும் இப்படித்தான் தொடங்கும்.

வேறு சில இடங்களிலும் மருந்தை மாற்றிப் பயனில்லை. பருவுக்கு ஐசோட்ரெடினாயின் மாத்திரை சாப்பிடுகிறவருக்கு உதடு காய்வது அந்த மாத்திரையின் வேலை. சித்திரையில் உதடு தடித்து எரிந்தால் மாங்காய்ப் பாலைச் சந்தேகப்படுங்கள். மூக்கடைத்து வாயால் மூச்சு விட்டுத் தூங்கினால் எத்தனை அடுக்கு பூசினாலும் விடியும்போது காய்ந்திருக்கும்.

அப்பாவுக்கு இரண்டு வாயோரமும் பிளந்து மூன்று மாதம் ஆறவே இல்லை. அம்மா நெய் போட்டாள், பாட்டி விளக்கெண்ணெய் போட்டாள், நான் வாசலின் போட்டேன். கடைசியில் பல் டாக்டர் பார்த்துவிட்டு, பல்செட் தேய்ந்து வாய் உள்வாங்கியிருக்கிறது, அந்த மடிப்பில் எச்சில் தேங்கிப் பூஞ்சை பிடித்திருக்கிறது என்றார். பூஞ்சைக் களிம்பு ஒன்று எழுதிக் கொடுத்துப் புதுப் பல்செட்டுக்கு அளவெடுத்தார். இரண்டு வாரத்தில் புண் ஆறிவிட்டது. எதனால் ஆறியது என்று கேட்டால் அம்மா இன்றைக்கும் நெய் என்றுதான் சொல்கிறாள்.