பிஓஆர்-15 துருப் பூச்சு: பழைய ஷெவெல்லில் எங்கே நிற்கும், எங்கே உரியும்

பிஓஆர் என்பது 'பெயின்ட் ஓவர் ரஸ்ட்' என்பதன் சுருக்கம். துருவின் மேலேயே அடிக்கலாம் என்று பெயரே சொல்கிறது. அதனால் வீட்டு கராஜில் துருப்பிடித்த 1970 ஷெவெல்லை (அமெரிக்காவின் செவ்ரலே கம்பெனி கார்) நிறுத்தி வைத்திருப்பவர், டப்பாவைத் திறந்த கையோடு பிரஷை எடுத்துவிடுகிறார். அப்படி அடித்த பூச்சு ஒரு நாள் பாம்புச் சட்டை மாதிரி முழுசாக உரிந்து கையோடு வரும். பிறகு பொருள் மட்டம் என்று பேச்சு கிளம்பும். பொருள் நல்ல பொருள்தான். முன்வேலை செய்து, சரியான இடத்தில் அடித்தால் இந்த வண்டியின் அடிப்பாகத்தை வருஷக்கணக்கில் காப்பாற்றும். இடம் தப்பினால் காசும் போகும், அதைச் சுரண்டி எடுக்க ஒரு வாரமும் போகும்.

இது ஈரத்தைக் குடித்து இறுகும் யூரித்தேன் வகை. சாதாரண பெயின்டில் கரைப்பான் ஆவியாகிப் போனால் காய்ந்துவிடும். இதற்குக் காற்றிலுள்ள ஈரப்பதம் வேண்டும். இறுகிய பிறகு கல் பட்டாலும் சுலபத்தில் சில்லு தெறிக்காது. தண்ணீரும் காற்றும் இரும்பைத் தொடாதபடி மூடிவைப்பதுதான் இதன் வேலை. துருவைக் கரைப்பதும் இல்லை, இரும்பாக மாற்றுவதும் இல்லை. ஆகவே பிடிமானம்தான் எல்லாம். குழி குழியாக, சொரசொரப்பாக, ஆனால் உதிராமல் ஒட்டியிருக்கும் துருவை இது நன்றாகக் கவ்விக்கொள்ளும். வழவழப்பான தகட்டில் அந்தப் பிடி கிடைக்காது. பழைய பெயின்டின் மேல் அடித்தால், அந்தப் பெயின்ட் தகட்டை எவ்வளவு பிடித்திருக்கிறதோ அவ்வளவுதான் இதற்கும் ஆயுள்.

ஷெவெல்லில் 1968 முதல் 1972 வரை வந்த வண்டிகளைத்தான் இங்கே எடுத்துக்கொள்கிறோம். சேஸி தனி, பாடி தனி. நடுவில் ரப்பர் புஷ் வைத்து போல்ட் போட்டிருக்கும்; அந்த இடங்களைத்தான் பாடி மவுண்ட் என்பார்கள். மிச்சிகன், ஒஹாயோ பக்கம் பனிக்காலத்தில் ரோட்டில் கொட்டும் உப்பு கீழிருந்து தின்னும். மழைத் தண்ணீர் மேலிருந்து தின்னும். கீழே தெரியும் துருவைப் பார்த்து எல்லோரும் பயப்படுகிறார்கள். இந்த வண்டியைச் சாகடிப்பது பெரும்பாலும் மேலிருந்து வருவதுதான்.

பின் கண்ணாடியின் ஓரத்தைப் பாருங்கள். பளபளக்கும் ஸ்டெயின்லெஸ் பட்டை ஒன்று கண்ணாடியைச் சுற்றி ஓடும். அதைப் பிடித்திருக்கும் கிளிப்புகள், தகட்டில் வெல்டு செய்த சின்னச் சின்னத் தண்டுகளில் மாட்டியிருக்கும். பட்டைக்கு அடியில் சேரும் தண்ணீருக்கு வெளியே போக வழியில்லை. முதலில் தண்டின் அடியைச் சுற்றி ஒரு பழுப்பு வளையம் வரும், பிறகு பெயின்ட் கொப்பளிக்கும், கடைசியில் ஊசி நுழையும் ஓட்டை. கூரையில் வினைல் ஒட்டிய வண்டியில் துணிக்கு அடியிலேயே ஈரம் தங்கிவிடுவதால் சேதம் இன்னும் அதிகம். அந்த ஓட்டை வழியாக இறங்கும் தண்ணீர் டிக்கித் தரையில் குளமாகி, ஓரப் பள்ளங்களில் தேங்கி, பின்பக்க பாடி மவுண்ட் வரை அரிக்கும். 454 கன அங்குல எஞ்சினும் 450 குதிரைத்திறனும் உள்ள எல்எஸ்6 என்ற உயர்ரக ஷெவெல்லாக இருந்தாலும் இதே கதிதான்.

எனவே டிக்கித் தரைக்குப் பூச்சு வாங்கும் முன் ஒருவர் டிக்கிக்குள் டார்ச்சோடு உட்கார, இன்னொருவர் பின் கண்ணாடியின் கீழ் ஓரத்தில் ஹோஸ் வைத்து மெதுவாகத் தண்ணீர் விட வேண்டும். பத்து நிமிஷத்தில் எங்கே ஒழுகுகிறது என்று தெரிந்துவிடும். ஒழுக்கை அடைக்காமல் தரையில் எதை அடித்தாலும் வீண். கண்ணாடி உட்காரும் அந்தச் சட்டத்தில் மட்டும் பிஓஆர்-15 அடிக்கவே கூடாது. கண்ணாடி ஒட்டும் பசைக்கு நம்பகமான பிடி வேண்டும். அங்கே தகட்டை வெட்டி மாற்றி, எபாக்சி பிரைமர் (இரும்பில் நன்றாக ஒட்டும் அடிப்பூச்சு) அடிப்பதுதான் முறை.

அடுத்தது எந்தத் தகடு தேறும், எது தேறாது என்ற கணக்கு. சின்ன சுத்தியால் தட்டிக்கொண்டே போனால் காதே சொல்லிவிடும். கணீரென்று கேட்டால் தகட்டில் உயிர் இருக்கிறது. சத்தம் செத்துப் போய் தொப்பென்று கேட்கும் இடத்தில் பழைய ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பாருங்கள். உள்ளே போனால் அது பூச்சு வேலை இல்லை, வெல்டிங் வேலை. கண்ணாடி இழைத் துணியை வைத்து இதே பூச்சைப் பூசி ஓட்டையை மூடுவோர் உண்டு. தரைத் தகட்டிலும் பாடி மவுண்டிலும் அது வெறும் முகமூடி. சீட் பெல்ட் போல்ட் பிடிக்கும் இடத்துக்கு இரும்புதான் வேண்டும்.

வெல்டிங் முழுக்க முடிந்த பிறகே இந்த டப்பாவைத் திறக்க வேண்டும். மேல் ஒன்று கீழ் ஒன்றாகப் படியும் தகடுகளுக்கு நடுவே துத்தநாகம் கலந்த வெல்டிங் பிரைமர் அடியுங்கள். 0.6 மி.மீ. கம்பியும் ஆர்கான் கலந்த வாயுவும் போட்ட மிக் வெல்டர் (கம்பி தானாக வந்துகொண்டே இருக்கும் வெல்டிங் மெஷின்) இந்தத் தகட்டுக்குப் போதும். ஒரே இடத்தில் நீளமாக இழுத்தால் தகடு நெளியும். ஒரு பொட்டு வைத்துவிட்டு ஒரு சாண் தள்ளி அடுத்த பொட்டு வைப்பது நல்லது. ஏற்கெனவே பிஓஆர்-15 அடித்த இடத்தில் வெல்டு வைக்க நேர்ந்தால், சுற்றிலும் மூன்று அங்குலத்துக்குப் பூச்சைத் தேய்த்து எடுத்துவிட வேண்டும். அது எரிந்தால் வரும் புகை ஆபத்தானது.

இனிதான் பூச்சு. அதே கம்பெனி மூன்று பொருள்களை வரிசையாக விற்கிறது: எண்ணெய்ப் பிசுக்கு எடுக்கும் கிளீனர் டிகிரீசர், மெட்டல் பிரெப், பிறகு பூச்சு. முதல் இரண்டும் காசு பிடுங்கும் தந்திரம் என்று நினைத்து விட்டுவிடுவதுதான் உரிவதற்கு முதல் காரணம்.

டிகிரீசருக்கு முன்பே பொருக்குத் துருவையெல்லாம் எடுத்துவிட வேண்டும். கிரைண்டரில் முறுக்குக் கம்பி பிரஷ் மாட்டித் தேய்த்தால் உதிர வேண்டியதெல்லாம் உதிரும். தொழிற்சாலையில் அடித்த தார் மாதிரியான கறுப்புப் பூச்சை ஹீட் கன்னால் இளக்கிச் சுரண்டியால் வழித்தால் பட்டையாக வரும். கம்பி பிரஷ் மட்டும் வைத்துத் தேய்த்தால் அது மெழுகு மாதிரி எல்லா இடத்திலும் அப்பிக்கொள்ளும். அப்படி அப்பிய இடத்தில் எந்தப் பெயின்டும் நிற்காது. டிகிரீசரைத் தண்ணீரில் கலந்து தேய்த்து, காய்வதற்குள் கழுவிவிட வேண்டும். கழுவிய தண்ணீர் தகட்டின் மேல் முத்து முத்தாகத் திரண்டால் பிசுக்கு இன்னும் போகவில்லை. தாள் விரித்த மாதிரி ஒரே படலமாக ஓடினால் சரி.

மெட்டல் பிரெப் என்பது பாஸ்பாரிக் அமிலமும் துத்தநாகமும் சேர்ந்த நீர்மம். வழவழப்பான இரும்பை லேசாக அரித்து, துத்தநாக பாஸ்பேட் படலம் ஒன்றை விட்டுச் செல்லும். பூச்சு கவ்வுவது அந்தப் படலத்தைத்தான். ஸ்பிரே பாட்டிலில் ஊற்றி அடித்து, 15 முதல் 30 நிமிஷம் வரை நனைந்தபடியே வைத்திருக்க வேண்டும். நடுவில் காய ஆரம்பித்தால் மறுபடி அடியுங்கள். பிறகு தண்ணீரால் நன்றாகக் கழுவ வேண்டும். கழுவாமல் விட்ட அமிலம் வெள்ளைத் தூளாகப் பூத்து நிற்கும். அதன் மேல் அடித்தால் தூளோடு சேர்ந்து பூச்சும் வந்துவிடும்.

இதற்குப் பிறகுதான் பலரும் அவசரப்படுகிறார்கள். ஈரத்தில் இறுகும் பூச்சுதானே, லேசாக ஈரம் இருந்தால் என்ன என்று நினைக்கக் கூடாது. காற்றிலுள்ள ஈரம் வேறு, தகட்டில் நிற்கும் தண்ணீர் வேறு. தகடு நனைந்திருந்தால் இறுகும்போது உண்டாகும் கரியமில வாயு வெளியே வர முடியாமல் குமிழ் குமிழாகப் பொங்கும். ஒவ்வொரு குமிழும் பின்னால் ஒரு துருப் பொட்டு. தட்டையான இடம் ஒரு மணி நேரத்தில் காய்ந்தாலும் இரண்டு தகடு சேரும் மடிப்புக்குள் தண்ணீர் நாள் கணக்கில் இருக்கும். டிக்கித் தரையும் பின் சக்கர வளைவும் சேரும் மடிப்பில் ஹீட் கன்னைக் காட்டிப் பாருங்கள், ஈரம் கசிந்து வருவது கண்ணுக்கே தெரியும். ஓர் இரவு முழுக்க ஃபேன் ஓடட்டும்.

அடிக்கும்போது டப்பாவைக் குலுக்காமல் குச்சியால் கிண்டுங்கள். வேண்டிய அளவை வேறு கிண்ணத்தில் ஊற்றிக்கொள்ள வேண்டும். பிரஷை டப்பாவிலேயே முக்கினால் ஈரமும் அழுக்கும் உள்ளே போய் மீதி கெட்டுவிடும். கிண்ணத்தில் மிஞ்சியதைத் திரும்ப ஊற்றவும் கூடாது. மெல்லிசாக இரண்டு கோட் போதும். தடியாக ஒரே கோட்டில் முடிக்கப் பார்த்தால் மேலே தோல் கட்டி, உள்ளே வாயு அடைபடும்.

இரண்டாவது கோட் எப்போது என்பதற்குக் கடிகாரத்தைவிட விரல் நம்பகமானது. கையுறை போட்ட விரலை வைத்து லேசாக இழுங்கள். பெயின்ட் ஒட்டி வரக் கூடாது. ஆனால் விரல் வழுக்கிக்கொண்டு போகாமல் கொஞ்சம் பிடித்து நிற்க வேண்டும். பெரும்பாலும் 2 முதல் 6 மணி நேரத்துக்குள் அந்தப் பக்குவம் வரும். காற்றில் ஈரம் அதிகமென்றால் சீக்கிரமே வந்துவிடும். அதைத் தவறவிட்டால் முதல் கோட் கண்ணாடி மாதிரி ஆகிவிடும். அதன் மேல் அடுத்த கோட் பிடிக்க 320 நம்பர் உப்புத்தாள் போட்டு முழுக்கத் தேய்க்க வேண்டும்.

கறுப்புப் பூச்சு வெயில் படாத அடிப்பாகத்தில் அப்படியே இருக்கும். வெயில் படும் இடத்தில் வெளிறி, பளபளப்புப் போய்விடும். உறுதி குறையாவிட்டாலும் பார்க்க நன்றாக இருக்காது. அங்கே மேலே ஒரு டாப் கோட் கட்டாயம் வேண்டும்.

பாதுகாப்பைப் பற்றி அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. இதில் ஐசோசயனேட் என்ற, மூச்சுக்குக் கெடுதலான ரசாயனம் இருக்கிறது. ஒருமுறை உடம்புக்கு ஒவ்வாமல் போனால் அதன்பின் கொஞ்சம் பட்டாலும் மூச்சுத் திணறும். துணி முகக்கவசம் இதற்கு உதவாது. பிரஷில் அடிக்கவே ரசாயன ஆவியைத் தடுக்கும் கேட்ரிட்ஜ் மாஸ்க் வேண்டும்; கராஜ் கதவும் திறந்திருக்க வேண்டும். ஸ்பிரே கன்னில் அடிப்பதென்றால் வெளியிலிருந்து குழாய் வழியே காற்று தரும் மாஸ்க் இல்லாமல் தொடவே கூடாது. வீட்டில் செய்பவர்களுக்கு பிரஷே போதும். இந்தப் பூச்சு தானாகவே பரவிச் சமமாகும், பிரஷ் கோடு அதிகம் தெரியாது. தோலில் பட்டு காய்ந்தால் எந்தத் தின்னரும் எடுக்காது. தோல் தேய்ந்து அதுவாகப் போக ஒரு வாரமாவது ஆகும்.

அளவு விஷயத்தில் பெரிய டப்பா மலிவு என்று போக வேண்டாம். டப்பாவின் விளிம்புப் பள்ளத்தில் ஒரு துளி பெயின்ட் நின்றாலும் மூடி வெல்டு வைத்த மாதிரி ஒட்டிக்கொள்ளும். விளிம்பைத் துடைத்து, ஒரு பிளாஸ்டிக் தாளை வைத்து அதன் மேல் மூடியை அழுத்த வேண்டும். அப்போதும் திறந்த டப்பா அதிக நாள் தாங்காது. டிக்கித் தரைக்கு 4 அவுன்ஸ், அதாவது 118 மி.லி. சிறு டப்பாக்கள் நான்கு இருந்தால் இரண்டு கோட்டுக்கு ஏறக்குறைய சரியாக வரும். ஆறு டப்பா சேர்ந்த பெட்டியாகவே விற்கிறார்கள், அதுதான் புத்திசாலித்தனம். பாடியைத் தூக்கி சேஸி முழுக்க அடிப்பதென்றால் இரண்டு குவார்ட் (ஒரு குவார்ட் லிட்டருக்குக் கொஞ்சம் குறைவு) கையில் இருக்கட்டும்.

சேஸியின் வெளிப்பக்கம் இதற்கு மிகப் பொருத்தமான இடம். உள்பக்கம் அப்படியல்ல. பின் ஆக்சிலுக்கு மேலே சேஸி வளைந்து ஏறும் இடத்தில் மண்ணும் உப்பும் உள்ளே சேர்ந்து கிடக்கும், பிரஷ் போகாது. அதற்கு ஈஸ்ட்வுட் கம்பெனியின் இன்டர்னல் ஃபிரேம் கோட்டிங் வாங்குவதே மேல். ஸ்பிரே டப்பாவோடு இரண்டடி நீளக் குழாய் வரும். அதன் நுனி சுற்றிலும் பீய்ச்சும். குழாயை உள்ளே முழுக்க விட்டு, அழுத்தியபடி மெதுவாக வெளியே இழுக்க வேண்டும். முதலில் காற்றடித்து மண்ணை வெளியேற்றி, கழுவி, நன்றாகக் காயவிட வேண்டும் என்பது இங்கேயும் மாறாது.

வெளியே தெரியும் பாகங்கள், அதாவது மட்கார்டு, கதவு, பின் குவார்ட்டர் பேனல், எதிலும் பிஓஆர்-15 வேண்டாம். அங்கே துருவை முழுக்க எடுத்து, சுத்தமான இரும்பில் இரட்டைக் கலவை எபாக்சி பிரைமர் அடித்து, அதன் மேல் பட்டி பார்ப்பதே சரி. புதிதாக வாங்கிய தரைத் தகடுகள் கறுப்புப் பூச்சோடு வரும்; அவற்றுக்கும் எபாக்சிதான். துருவே இல்லாத தகட்டுக்குத் துருப் பூச்சு எதற்கு?

கீல், பிராக்கெட், போல்ட் போன்ற சின்னச் சாமான்களுக்கு, ஊறவைத்துத் துருவை எடுக்கும் எவாப்போ-ரஸ்ட் போதும். அமிலம் இல்லாத நீர்மம், நல்ல இரும்பைத் தின்னாது. முழுக்க மூழ்கினால்தான் வேலை செய்யும். பாதி மூழ்கிய பொருளில் நீர்மட்டத்தில் ஒரு கோடு விழும். குளிர்ந்த கராஜில் வேகம் குறையும், 20 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடு இருக்கட்டும். எடுத்ததும் கழுவித் துடைத்து எண்ணெய் தடவாவிட்டால் சீக்கிரமே திரும்பத் துரு பூக்கும்.

முதல்முறை வாங்குபவருக்கு மூன்று பொருளும் சிறு அளவில் சேர்ந்த ஸ்டார்ட்டர் கிட் கிடைக்கிறது. அதை வாங்கி, டிக்கியில் ஸ்டெப்னி உட்காரும் இடத்தில் மட்டும் அடித்துப் பாருங்கள். ஒரு வாரம் கழித்து பிளேடால் இரண்டு கோடு கீறி, அதன் மேல் நல்ல டேப்பை அழுத்தி ஒட்டி வெடுக்கென்று இழுங்கள். டேப் வெறுமனே வந்தால் ஆறு டப்பா பெட்டியை வாங்கலாம்.