ரங்கூன்ல பழைய தமிழ் பைபிளை பைண்டிங்குக்குக் குடுக்கலாமா? என் அனுபவம்

நம்ம ஆளுங்க நெறைய பேரு வீட்டுல இந்தப் பிரச்சனை இருக்கு, அதான் கொஞ்சம் விலாவாரியா எழுதறேன். தாத்தா பாட்டி காலத்து தமிழ் பைபிள், அட்டை பிஞ்சு, முதுகு கழண்டு, ஆதியாகமம் ஆரம்பப் பக்கமெல்லாம் தனியா தொங்கிட்டு, ரப்பர் பேண்ட் போட்டு பீரோவுல வச்சிருப்போம். தூக்கிப் போட மனசு வராது, எடுத்துப் படிக்கவும் பயம். பன்சோடான் பக்கம் பழைய புத்தகக் கடைங்க இருக்கற ஏரியாவுல ஒரு பைண்டிங் கடை இருக்கு. போர்டு கிடையாது, மாடிப்படிக்குக் கீழ ஒரு மேசை, ஒரு இரும்பு ப்ரெஸ், நூல் கட்டித் தைக்கிற மரச்சட்டம் ஒண்ணு, அவ்ளோதான். நடத்தறவர் வயசான பர்மாக்காரர், எல்லாரும் ஊலேன்னுதான் கூப்புடுவாங்க, பர்மால மாமா மாதிரி, நானும் அப்படித்தான். எங்க அம்மாச்சியோட பைபிளை அவர்கிட்ட குடுத்து வாங்கினேன். நம்பிக் குடுக்கலாம், ஆனா என்ன பண்ணணும், என்ன பண்ணக்கூடாதுன்னு நீங்க வாயத் தொறந்து சொல்லிட்டுத்தான் குடுக்கணும்.

முதல்ல புத்தகத்தப் பத்தி சொல்லிடறேன், அப்பதான் எதுக்கு இவ்ளோ மெனக்கெட்டேன்னு புரியும். 1950கள்ல மதராஸ்ல அச்சானது, 1871ல முழுசா வந்த பவர் ஐயர் மொழிபெயர்ப்பு, இன்னிக்கும் நம்ம சபைகள்ல வாசிக்கிறது அதுதானே. எழுத்தெல்லாம் 1978 சீர்திருத்தத்துக்கு முந்தின அச்சு, ணை லை எல்லாம் கொம்பு சுழிச்சு மேல ஏறி நிக்கும், என் பையன் சண்டே ஸ்கூல்ல தமிழ் எழுத்து படிச்சவன், அவனுக்கே முதல்ல தடுமாறிச்சு, இப்ப பழகிட்டான். 1964ல கடைகண்ணிய எல்லாம் அரசாங்கம் எடுத்துக்கிட்டு நம்ம ஜனங்க கப்பல் கப்பலா ஊருக்குப் போனப்ப அம்மாச்சி போகல, இந்த பைபிளும் போகல. 2008 மே மாசம் நர்கீஸ் புயல்ல கூரைத் தகரம் பறந்து ராத்திரி முழுக்க தண்ணி ஊத்தினப்ப எங்கம்மா இத மடில வச்சு மேல தார்ப்பாய போத்திக்கிட்டு உக்காந்திருந்தாங்க, அப்படியும் பின்னாடி பாதி நனைஞ்சிடுச்சு. அதுக்கப்புறம்தான் முதுகு விட்டுப் போச்சு.

ஆனா எனக்கு அட்டை முக்கியமே இல்ல, ஓரம்தான் முக்கியம். அம்மாச்சி ஜெபம் பண்ணும்போது எந்த வசனத்தப் பிடிச்சு ஜெபம் பண்ணாங்களோ அதுக்கு நேரா ஓரத்துல பென்சில்ல தேதி போடுவாங்க, விஷயம் எழுத மாட்டாங்க, தேதி மட்டும், சில இடத்துல ஒரு பேரு. லூக்கா 18 தொறந்தா, சோர்ந்துபோகாமல் எப்பொழுதும் ஜெபம்பண்ணவேண்டும்னு இயேசு அந்த விதவையோட கதைய சொல்ற இடம், அங்க 'தம்பி'ன்னு எழுதி கீழ வரிசையா 1966, 1969, 1974, 1980, அப்புறம் 1988 ரெண்டு தரம், கடைசியா 1995, கை நடுங்கின எழுத்து. அவங்க கூடப்பிறந்த தம்பி கப்பல்ல போனவர், ஊர்லேருந்து ரெண்டு மூணு கடுதாசி வந்துச்சாம், அப்புறம் ஒண்ணும் இல்ல. பதில் வந்துச்சான்னா, வரல. அம்மாச்சி சாகுற வரைக்கும் வரல. ஜெபம் பண்ணா எல்லாம் நடக்கும்னு சொல்றவங்ககிட்ட எனக்கு கோவம் இல்ல, ஆனா நான் ஜெபத்தப் பத்தி கத்துக்கிட்டது அந்த ஓரத்துலதான். பதில் வராம முப்பது வருஷத்துக்கு கர்த்தர்கிட்டயே திரும்பத் திரும்ப போய் நிக்கிறதுன்னா, அது அவர்கிட்ட காரியம் சாதிக்கிறதுக்காக மட்டும் போறது இல்லல்ல. அம்மா சொல்லுவாங்க, "அவ நிறுத்தியிருந்தா நான் கத்துக்கிட்டிருக்க மாட்டேன்டி, நீயும்தான்".

இதுல ஒண்ணு கவனிச்சேன், மத்தவங்களுக்கும் உபயோகப்படும். நர்கீஸ்ல நனைஞ்சப்ப பேனாவுல எழுதினது எல்லாம் கரைஞ்சு நீலமா பரவிடுச்சு, தாத்தா எழுதின பேரு, கல்யாணத் தேதியெல்லாம் போச்சு. பென்சில்ல எழுதினது ஒண்ணுகூட அழியல. பைபிள்ல குறிச்சு வைக்கிற பழக்கம் இருந்தா பென்சில்லயே குறிங்க, நம்ம ஊரு மழைக்கு அதுதான் சரி.

இப்ப கடைக்கு வரேன். பைண்டிங்னா பொதுவா என்ன பண்ணுவாங்க, தைச்சு ஒட்டி முடிச்சதும் கத்தில வச்சு மூணு பக்கமும் ஓரத்த சீவி லெவல் பண்ணுவாங்க, பாக்க புதுசு மாதிரி ஜம்முன்னு இருக்கும். ஆனா மூணு நாலு மில்லிமீட்டர் போயிடும். அம்மாச்சியோட தேதியெல்லாம் ஓரத்துலயே ஒட்டிக்கிட்டு இருக்கு, சீவினா பாதி வருஷம் குப்பைக்குப் போகும். நான் பக்கத்தப் பிரிச்சு ஊலேகிட்ட காட்டினேன், அவருக்கு தமிழ் தெரியாது, இது என் பாட்டி ஜெபம் பண்ண நாளுங்கன்னு பர்மால சொன்னேன். கண்ணாடிய மாட்டிக்கிட்டு ரொம்ப நேரம் பாத்தாரு. "வெட்ட மாட்டேன் தமீ (மகளேன்னு அர்த்தம்), ஓரம் ஏத்த எறக்கமா தெரிஞ்சாலும் பரவால்ல"ன்னாரு. அவரு புத்த மதம், அவங்க அப்பா காலத்துலேருந்து மடத்துக்கு புத்தகம் கட்டிக் குடுக்கறவங்களாம், வேற ஒரு மதத்து வேதம்னு தெரிஞ்சும் கீழ வைக்காம நெத்தி வரைக்கும் தூக்கிட்டுத்தான் மேசைல சுத்தமான துணி விரிச்சு வச்சாரு. அது எனக்கு ரொம்பப் பிடிச்சது.

வேலைப்பாடு எப்படின்னு கேட்டீங்கன்னா, முதல் தரம். ரெண்டு விதமா தைப்பாங்க. ஒண்ணு, பக்கத்த எல்லாம் ஒண்ணா அடுக்கி முதுகுப் பக்கமா ஓட்டை போட்டு குறுக்க தைக்கிறது, சீக்கிரம் முடியும், காசும் கம்மி, ஆனா புத்தகம் தட்டையா விரியாது, உள் ஓரத்து எழுத்து தையலுக்குள்ள மாட்டிக்கும், கை விட்டா தானா மூடிக்கும். எங்க சபைல ஞானப்பாட்டு புத்தகத்த வேற ஒரு இடத்துல அப்படித்தான் தைச்சு வாங்கினோம், பாட்டு நடுவுல ஒரு கையால அழுத்திப் பிடிச்சுக்கிட்டே பாட வேண்டியிருக்கு. ஊலே பண்றது இன்னொரு விதம், பழைய தையலப் பிரிச்சு, மடிச்ச கட்டு கட்டா எடுத்து, ஒவ்வொரு கட்டோட மடிப்பு நடுவுலயும் ஊசி விட்டு சட்டத்துல கட்டியிருக்கற கயித்தோட சேத்து தைக்கிறது. பைபிள் மாதிரி கனமான புத்தகத்துக்கு இது இல்லன்னா வேஸ்ட். வாங்கினதும் முதல்ல சங்கீதம் 119 தொறந்து மேசைல வச்சுட்டு கைய எடுத்துப் பாத்தேன், அப்படியே விரிஞ்சு கிடந்துச்சு. அம்மாவுக்கு ஒரு கைல டார்ச் புடிக்கணும், அதனால இது எங்களுக்கு பெரிய விஷயம்.

மடிப்பு கிழிஞ்ச பக்கத்துக்கெல்லாம் செல்லோ டேப் போடவே மாட்டேன்னுட்டாரு. டேப் போட்டா கொஞ்ச வருஷத்துல மஞ்சளாகி பசை கசிஞ்சு அடுத்த பக்கத்தோட ஒட்டிக்கும், நாங்க முன்ன ஒட்டினது சிலது அப்படித்தான் ஆகியிருந்துச்சு. அவரு மெல்லிசா ஷான் பேப்பர் கீத்து கீத்தா கிழிச்சு, முசுக்கட்டை மரப்பட்டைல பண்றாங்களே, பிண்டயா பக்கத்துலேருந்து வருமே, அத மாவுப் பசைல ஒட்டினாரு. கத்தரியால வெட்டாம கையாலயே கிழிக்கிறாரு, நார் நாரா இருந்தாதான் பக்கத்தோட சேந்துக்குமாம். வெளிச்சத்துல புடிச்சாதான் ஒட்டினதே தெரியுது, கீழ இருக்கற எழுத்தும் படிக்க முடியுது. பசைல பூச்சி வராம இருக்க மயில்துத்தம் கலக்கறாரு. பழைய முதுகுல பரிசுத்த வேதாகமம்னு தங்க எழுத்து பாதி அழிஞ்சு இருந்துச்சு, அந்தத் துண்ட தனியா எடுத்து புது துணி மேல திருப்பி ஒட்டிக் குடுத்தாரு. இத நான் கேக்கவே இல்ல.

அங்க உக்காந்து பாத்துட்டிருக்கும்போது எனக்கு பைபிளை பர்மால மொழிபெயர்த்த அமெரிக்க மிஷனரி ஜட்சன் ஐயா ஞாபகம்தான். 1813 ஜூலைல இதே ரங்கூன்ல வந்து எறங்கினவர், முதல் ஆள் ஞானஸ்நானம் எடுக்கறதுக்கு 1819 ஆச்சு, ஆறு வருஷம் ஒரு ஆத்மா கூட இல்லாம பாஷை கத்துக்கிட்டு எழுதிக்கிட்டு ஜெபம் பண்ணிக்கிட்டு இருந்திருக்காரு. 1824ல இங்கிலீஷ்காரங்களுக்கும் பர்மாவுக்கும் சண்டை வந்து, அப்ப தலைநகரா இருந்த ஆவால அவர ஜெயில்ல போட்டப்ப, பர்மா புதிய ஏற்பாட்டோட கையெழுத்துப் பிரதிய அவரு மனைவி ஆன் அம்மா ஒரு தலகாணிக்குள்ள வச்சு தைச்சு ஜெயிலுக்கு அனுப்பினாங்க, அது மேலதான் தலை வச்சுப் படுத்தாரு. வேற ஜெயிலுக்கு இழுத்துட்டுப் போனப்ப தலகாணிய தூக்கிப் போட்டுட்டாங்க, மவுங் இங்னு ஒரு விசுவாசி ஞாபகத்துக்கு இருக்கட்டும்னு அத எடுத்துட்டுப் போனாரு, உள்ள என்ன இருக்குன்னு அவருக்குத் தெரியாது. முழு பர்மா பைபிள் முடிஞ்சது 1834ல. ஆன் அம்மா அத பாக்கல, 1826லயே போயிட்டாங்க. நம்ம பாஸ்டர்ங்க பிரசங்கத்துல இந்தக் கதைய ஜட்சனோட பொறுமைன்னு சொல்லி முடிச்சிடறாங்க, எனக்கு அந்த ஊசி நூல் புடிச்ச கையும், தூக்கிப் போட்டத எடுத்து வச்ச கையும்தான் பெருசாத் தெரியுது.

பைபிள் கடைல இருந்த நாள்ல வீட்டுல குடும்ப ஜெபம் நிக்கல, ஆனா கஷ்டப்பட்டோம். அப்ப கரண்ட் நாலு மணி நேரம் வந்தா எட்டு மணி நேரம் போயிடும், போன்ல பைபிள் ஆப் இருக்கு, சார்ஜ் இருக்காது, இருந்தா பையன் கணக்குப் பாடத்துக்கு வேணும்பான். அம்மாவுக்கு போன் எழுத்து கண்ணுக்குப் புடிக்கல, மனப்பாடமா 23, 91, 121ன்னு சங்கீதமா சொல்லிட்டே போவாங்க, நாங்க கூடச் சொல்லுவோம், நடுவுல ஒருத்தர் மறந்தா இன்னொருத்தர் எடுத்துக் குடுப்போம். வேலைக்குப் போன புருஷன் வீடு திரும்பற வரைக்கும் ஒரு ஜெபம், அரிசி எண்ணெய் விலைக்கு ஒரு ஜெபம், வயசுப் பையன் இருக்கற வீட்டுல இப்ப என்ன ஜெபம்னு நான் சொல்லணுமா, இங்க இருக்கறவங்களுக்குத் தெரியும். போன வருஷம் 2025 மார்ச் 28 பூகம்பம் அன்னிக்கு மண்டலேல இருக்கற சொந்தக்காரங்களுக்கு போன் கெடைக்கல, அன்னிக்கு ராத்திரி சங்கீதம் 46 ஓரத்துல நான் பென்சில்ல தேதி போட்டேன், பூமி நிலைமாறினாலும்னு வர்ற வசனத்துக்கு நேரா. அந்தத் தேதியும் தப்பிச்சிடுச்சு, ஊலே புண்ணியத்துல.

குறையும் சொல்லணும். ஒரு வாரம்னு சொன்னாரு, மாசக் கடைசி ஆயிடுச்சு. ரசீது கிடையாது, போன் எடுக்க மாட்டாரு, நேர்ல போய்த்தான் கேக்கணும். முதுகு ரொம்ப தட்டையா இருக்கு, இவ்ளோ கனத்துக்கு கொஞ்சம் வளைச்சு விட்டிருக்கலாம். பெரிய குறை ரிப்பன்தான், சிவப்பு ரிப்பன் வச்சாரு, மழை ஈரத்துல சாயம் எறங்கி ஏசாயா ரெண்டு பக்கத்துல கோடு விழுந்திருக்கு, எனக்கு உண்மையிலயே வருத்தம். வெள்ளை ரிப்பன் நீங்களே வாங்கிட்டுப் போயிடுங்க. தமிழ் எழுத்து அச்சு அவர்கிட்ட கிடையாது, அதனால அட்டைல பேரு பொறிக்கணும்னு ஆசைப்படாதீங்க, ஒரு சிலுவை கோடு மட்டும் போட்டுத் தருவாரு, அதுவே அழகா இருக்கு.

காசு கம்மியில்ல, மெட்ராஸ்லேருந்து புது பைபிள் ஒண்ணு வரவழைக்கிற செலவு கிட்ட வந்துடுது. புதுசே வாங்கிடலாமேன்னு என் வீட்டுக்காரர் கேட்டாரு, படிக்கறதுக்கு மட்டும்னா அவரு சொல்றது சரிதான், உங்க பைபிள்ல யாரும் ஒண்ணும் எழுதலன்னா புதுசு வாங்கிடுங்க. எழுதியிருந்தா குடுங்க. குடுக்கறதுக்கு முன்னாடி ஓரத்துல எழுத்து இருக்கற பக்கத்தெல்லாம் போன்ல போட்டோ எடுத்து வச்சுக்கோங்க, வெட்டக்கூடாதுன்னு ரெண்டு தரம் சொல்லுங்க, டேப் வேணாம், குறுக்க தைக்க வேணாம், உள்ள தாள் ஏதாவது வச்சிருந்தா எடுத்துடுங்க. ஏப்ரல்ல வர்ற திஞ்சான் தண்ணித் திருவிழா நெருங்கும்போது குடுக்காதீங்க, லீவு முடிஞ்சு அவரு கடை தொறக்கவே நாளாகும். மழை விட்டு நவம்பர்ல குடுத்தா பசை நல்லா காயும்.

அடுத்து எங்க சபையோட அந்த ஞானப்பாட்டு புத்தகங்களப் பிரிச்சு மறுபடி தைக்க முடியுமான்னு கேட்டிருக்கேன், ஓட்டை போட்ட தாள், கட்டா சேக்கறது கஷ்டம், ஆனா ஒண்ணு கொண்டா பாக்கறேன்னு சொல்லியிருக்காரு. தம்வே, திங்கங்யூன் பக்கம் இருக்கறவங்க யார்கிட்டயாவது பழைய பைபிள், பாட்டுப் புத்தகம் இருந்தா சொல்லுங்க, சேத்து எடுத்துட்டுப் போறேன், மொத்தமா குடுத்தா விலை கொஞ்சம் கொறைப்பாரு.