வாட்ஸ்அப்பா, மாதக் கூட்டமா, வீட்டு வாசலா? பள்ளியும் பெற்றோரும் பேசிக்கொள்ளும் வழிகள்

ஜூனில் பள்ளி திறந்ததும் எங்கள் வேலூர் மாவட்டத்துக் குடியாத்தம் பக்கத்தில் நடக்கிற முதல் வேலைகளில் ஒன்று, வகுப்புக்கு ஒரு வாட்ஸ்அப் குழு தொடங்குவது. எண்களையெல்லாம் சேர்த்து முடித்ததும், இனிப் பெற்றோருக்கு எல்லாம் தெரிந்துவிடும் என்ற நிம்மதி பள்ளிக்கு வந்துவிடுகிறது. அரசு நடுநிலைப் பள்ளி ஆசிரியராக இருக்கும் எனக்கு அந்த நிம்மதி வருவதில்லை. வாட்ஸ்அப், பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டம், நேரில் வீடு தேடிப் போவது ஆகிய மூன்றில் எதற்கு அதிக நேரம் கொடுக்க வேண்டும் என்று கேட்டால், என் வாக்கு மூன்றாவதற்குத்தான்.

வாட்ஸ்அப்பின் வேகத்தை யாரும் குறைத்துச் சொல்ல முடியாது. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் விடுமுறை அறிவிப்பு காலையில்தான் வரும். பிள்ளை சீருடை மாட்டுவதற்குள் செய்தி வீட்டில் இருக்கும். கணியம்பாடியை அடுத்த கம்மவான்பேட்டை மாதிரி, வீட்டுக்கு வீடு ராணுவத்துக்கு ஆள் அனுப்பும் ஊர்களை நினைத்துப் பாருங்கள். எல்லையில் பணியாற்றும் தகப்பன் தன் மகள் ஆண்டு விழாவில் ஆடியதைப் பார்க்க வேறு வழியே கிடையாது.

ஆனால் அந்தச் செல்பேசி யார் கையில் இருக்கிறது? பல வீடுகளில் ஸ்மார்ட்போன் ஒன்றுதான். அது அப்பாவோடு பெங்களூருக்கோ சென்னைக்கோ வேலைக்குப் போய்விடுகிறது. வீட்டில் இருக்கும் அம்மாவிடம் பட்டன் போன். பள்ளியின் கணக்கில் அந்தக் குடும்பத்துக்குச் செய்தி சேர்ந்துவிட்டது. பிள்ளையோடு இருப்பவருக்கு ஒன்றும் சேரவில்லை.

செல்பேசி இருக்கும் வீட்டிலும் சிக்கல் உண்டு. குடியாத்தம், பேர்ணாம்பட்டுத் தெருக்களில் பிற்பகலில் நடந்தால் திண்ணைகளில் பீடி சுற்றும் அம்மாக்களைப் பார்க்கலாம். மடியில் முறம், அதில் ஒரு பக்கம் தூள், ஒரு பக்கம் ஈரத்துணியில் சுற்றிய இலை. நறுக்கிய இலையில் தூளை வைத்து, உருட்டி, நூல் சுற்றி, நுனியை மடக்கி முடிப்பதற்குள் அடுத்த இலை விரலுக்கு வந்துவிடுகிறது. கூலி ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்ற கணக்கு. புகையிலைத் தூள் படிந்த விரலால் திரையைத் தள்ளித் தள்ளி, இரண்டு பக்கச் சுற்றறிக்கையை எழுத்துக்கூட்டிப் படிக்க அவரால் முடியாது. அந்தச் சுற்றறிக்கையில்தான் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கான தேசிய வருவாய்வழித் திறன் படிப்புதவித் தேர்வின் கடைசித் தேதி இருக்கும். அதில் தேர்வானால் ஒன்பதாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டாம் வகுப்பு வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய். பீடித் தொழிலாளர் பிள்ளைகளுக்கு மத்தியத் தொழிலாளர் துறை தரும் உதவித்தொகையும் அப்படித்தான்: தேதி போனால் பணமும் போயிற்று.

வாட்ஸ்அப்பையே நம்புகிறவர்கள் எழுத்தை விட்டுவிட்டுக் குரல் பதிவுக்கு மாறட்டும். ஒரு நிமிடத்துக்குள் ஒரே ஒரு செய்தி. கை வேலையாக இருந்தாலும் காது கேட்கும். பேர்ணாம்பட்டில் வீட்டில் உருது பேசும் குடும்பங்கள் நிறைய. உருதும் தமிழும் தெரிந்த ஓர் அம்மாவையே அதே செய்தியை உருதுவில் பேசி அனுப்பச் சொன்னால், பதில்கள் வர ஆரம்பிக்கும். அதுவரை வாய் திறக்காதவர்கள் கேள்வி கேட்பார்கள்.

ஒன்றைக் கண்டித்தே ஆக வேண்டும். வகுப்பு முழுவதன் மதிப்பெண் பட்டியலைக் குழுவில் போடும் வழக்கம். கடைசியில் இருக்கும் பிள்ளையின் பெயரை நாற்பது வீடுகள் படிக்கின்றன. அந்த வீட்டார் அதற்குப் பிறகு பள்ளிப் பக்கம் தலை காட்டமாட்டார்கள். மதிப்பெண்ணைத் தனியாகச் சொல்லுங்கள். அல்லது சொல்லாமலே இருங்கள்.

மாதக் கூட்டத்துக்கு வருவோம். 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டப்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர் இருக்க வேண்டும். மொத்தத்தில் பாதி பெண்கள். பள்ளி வளர்ச்சித் திட்டம் தயாரிப்பதும், வந்த நிதி எப்படிச் செலவாகிறது என்று கேட்பதும் அந்தக் குழுவின் வேலை. தமிழ்நாட்டில் 2022இல் இக்குழுக்கள் புதிதாக அமைக்கப்பட்டபோது தலைவர் பொறுப்புக்குத் தாய்மார்கள் வந்தார்கள். வாட்ஸ்அப்பால் தர முடியாத ஒன்று இங்கே இருக்கிறது. கழிப்பறையில் தண்ணீர் வரவில்லை என்று ஓர் அம்மா எழுந்து சொன்னால் அது தீர்மானப் பதிவேட்டில் ஏறுகிறது. அடுத்த மாதம் "அது என்ன ஆயிற்று?" என்று கேட்க அவருக்கு உரிமை இருக்கிறது. உள்ளூர்ப் பெரிய மனிதர் நடுவில் உட்கார, மற்றவர்கள் தலையாட்டிவிட்டுப் போகும் பழைய பாணிப் பெற்றோர் ஆசிரியர் கழகக் கூட்டங்களில் இதைப் பார்ப்பது அரிது.

இவ்வளவு நல்ல ஏற்பாட்டை நாம் நேரத்தில் கோட்டை விடுகிறோம். கூட்டம் வேலைநாளின் பிற்பகலில் நடக்கிறது. ஆம்பூர், இராணிப்பேட்டை பக்கத்து ஷூ கம்பெனிகளுக்குப் போகும் பெண்களை கம்பெனி பஸ் ஊர் முனையில் இறக்கிவிடும்போது இருட்டத் தொடங்கியிருக்கும். ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வா என்று சொல்ல நமக்கு வாய் வரலாமா? அதனால் கூட்டத்துக்கு வந்த முகங்களே திரும்பத் திரும்ப வருகின்றன. ஞாயிறு காலையிலோ மாலை ஏழு மணிக்கோ வைத்தால் ஆசிரியர்களுக்குச் சிரமம்தான். அந்தச் சிரமத்துக்கு ஈடாக மறுநாள் விடுப்பு கொடுக்கலாம், கொடுக்க வேண்டும்.

மாணவர் நாட்குறிப்பேடு பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. படித்த பெற்றோர் உள்ள வீட்டில் நன்றாக ஓடும். மற்ற வீடுகளில் பிள்ளையே கையெழுத்துப் போட்டுக்கொள்ளும்.

வீடு தேடிப் போவதில் உள்ள இழப்பு வெளிப்படையானது: நேரம். ஒரு மாலைக்கு மூன்று வீடுகளுக்கு மேல் உருப்படியாகப் போக முடியாது. ஆனால் கிடைப்பதைப் பாருங்கள். தொடர்ந்து பள்ளிக்கு வராத பையனின் வீட்டுக்குப் போனால்தான், அம்மா மருத்துவமனையில் இருப்பதும் கைக்குழந்தையான தங்கையை அவன் பார்த்துக்கொள்வதும் தெரியவரும். எந்த அம்மாவும் அதைக் குழுவில் எழுதமாட்டார். கூட்டத்தில் எழுந்து சொல்லவும் மாட்டார். "உட்காருங்கள் டீச்சர்" என்று தன் வீட்டில் நம்மை உட்கார வைக்கும்போது வீடு அவருடையது, நாம் விருந்தாளி. அந்த இடமாற்றத்தில்தான் பேச்சு வருகிறது. அணைக்கட்டு வட்டத்தின் பீஞ்சமந்தை, ஜார்தான்கொல்லை போன்ற மலை ஊர்களில், பெற்றோர் வேலைக்கு வெளியூர் போய்விட, பாட்டியிடம் வளரும் பிள்ளைகள் உண்டு. அந்தப் பாட்டியை எந்தச் செயலியில் சேர்ப்பது?

பள்ளி விட்ட பிறகு பிள்ளைகளுக்கு அவர்கள் தெருவிலேயே பாடம் சொல்லித்தர 2021இல் தொடங்கிய இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தில் தன்னார்வலர்களாக வந்தவர்கள் பெரும்பாலும் அதே தெருப் பெண்கள். எந்த வீட்டில் என்ன கஷ்டம் என்று அவர்களுக்குத் தெரியும். அவர்களில் ஒருவரை உடன் அழைத்துக்கொண்டு போனால் வாசலில் தயக்கம் பாதியாகக் குறையும்.

எல்லா வீட்டுக்கும் போக முடியாது என்பதால் வரிசை முக்கியம். ஜூன், ஜூலை இரண்டு மாதங்களில், வாட்ஸ்அப் எண் இல்லாத வீடு, முந்தைய ஆண்டில் ஒரு கூட்டத்துக்கும் வராத வீடு, வருகைப் பதிவேட்டில் ஓட்டை விழும் பிள்ளையின் வீடு, இந்த மூன்று வகையை முதலில் முடித்துவிடலாம். போகும்போது இரண்டு விவரங்களைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்: பகலில் செல்பேசி யாரிடம் இருக்கிறது, எந்த நேரத்தில் கூப்பிட்டால் எடுக்க முடியும்.