வாட்ஸ்அப் குழுவா, சுவர்ப் பலகையா?

கும்பகோணம் பக்கம் கோனோ வீடர் (நெல் வரிசைகளுக்கு நடுவே தள்ளிக் களையெடுக்கும் உருளைக் கருவி) செய்யும் எங்கள் பட்டறையில், கருவியின் அளவு மாறும்போது எல்லோருக்கும் தெரிவிக்க இரண்டையும் பார்த்துவிட்டோம். வாட்ஸ்அப்பில் தகவல் உடனே வரும். உருளையில் சேறு அப்பியதை வயலிலிருந்தே படமாக அனுப்பலாம். ஆனால் கடைசி அளவு எதுவென்று தேடுவதற்குள் பொழுது போய்விடும். திருந்திய நெல் சாகுபடியில் வரிசை இடைவெளி 25 செ.மீ.தான், உருளை அகலமாகிவிட்டால் பயிர் அடிபடும். பழைய செய்தியைப் பார்த்து வெல்டர் தகடு வெட்டிவிட்டார், ஒரு வாரம் வீண்.

பலகையில் ஒரே அளவு, மாற்றிய தேதி, மாற்றியவர் பெயர். பழையதை அழித்துவிட்டுத்தான் புதியதை எழுத முடியும். வெளியில் போனவருக்குத் தெரியாது, அது குறைதான். சரி, அவருக்குப் பலகையைப் படமெடுத்து அனுப்பிவிடுகிறோம். மேட்டூர் வழக்கமாகத் திறக்கும் ஜூன் 12-க்குள் குறுவைக்குக் கருவி தயாராக வேண்டும். அதற்கு நான் பலகையைத்தான் நம்புவேன்.